ஜாக்கெட் தைக்கிற அக்காவும் ஒன்றரை மீட்டர் பாயும்

மகளுக்கு அப்போது எட்டு வயது, எடை 24 கிலோ. நான் ஓட்டுவது விண்ட்சர்ஃபிங், அதாவது படகுப் பாய் மாதிரி ஒன்று கட்டிய பலகையில் நின்றுகொண்டு காற்றில் போவது. என்னிடம் இருந்ததிலேயே சின்னப் பாய் 5 சதுர மீட்டர். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் வடகடல் கரையில் நான் விண்ட்சர்ஃபிங் பலகையை இறக்கும்போதெல்லாம் கூடவே வந்து நின்று "அப்பா, எனக்கு எப்ப?" என்று கேட்பாள். ஒரு நாள் சரி வா என்று ஏற்றிவிட்டேன். தண்ணீரில் கிடந்த பாயைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். பாய் ஒரு சாண்கூட எழவில்லை, இவள்தான் அதன் மேல் போய் விழுந்தாள். நாலு தடவை அப்படி ஆனதும் கரைக்கு நடந்து போய், தலையைத் துவட்டிக்கொண்டு, "இது பெரியவங்க விளையாட்டு" என்று சொல்லிவிட்டாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

தப்பு முழுக்க என்னுடையது. பாயைத் தாங்கி நிற்கிற மரம், கையால் பிடிக்கிற கம்பான பூம், பாய் எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோ, அது போக பாய் மேல் நிற்கிற தண்ணீர், மரத்தைச் சுற்றிய உறைக்குள் புகுந்த தண்ணீர். எழும்பி நின்ற பிறகும் விடிவில்லை. தோராயமாகக் கணக்குப் போட்டால், 10 நாட் காற்றில், அதாவது மணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர் சொச்சத்தில், 5 சதுர மீட்டர் பாய் எட்டு கிலோ இழுப்பு கொடுக்கும். ஒன்றரை மீட்டர் பாய் என்றால் இரண்டரை கிலோதான் (பாய் அளவில் மீட்டர் என்றால் சதுர மீட்டர்தான்). காற்று இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பிள்ளைக்குச் சரியாக இருந்த பாய் மதியம் பிள்ளையைத் தூக்கி எறிவது இதனால்தான்.

முதலில் வாங்கத்தான் பார்த்தேன். வெளிநாட்டில் குழந்தைகளுக்கென்றே 1 மீட்டரில் தொடங்கி 4 மீட்டர் வரை அளவு அளவாக, மரம் பூம் எல்லாம் சேர்த்து செட்டாக விற்கிறார்கள். இங்கே பழையது யாரிடமாவது கிடைக்குமா என்று விசாரித்ததில் எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. வரவழைக்கலாம் என்றால், நீளமான பெட்டி என்பதால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து சாமான் விலையை எட்டிவிடும் போலிருந்தது. பின்னால்தான் ஒரு விஷயம் உறைத்தது, உங்களுக்குப் பயன்படும்: செட்டாக வாங்கவே வேண்டாம். டேக்ரான் என்கிற பாலியஸ்டர் துணியில் தைத்த குழந்தைப் பாயைப் புடவை மாதிரி மடித்து சூட்கேஸில் வைத்துவிடலாம். ஊருக்கு வருகிற சொந்தக்காரர் யாராவது பாயை மட்டும் கொண்டுவந்தால் போதும், மற்றதை இங்கே செய்துகொள்ளலாம். ஆனால் கண்ணாடி மாதிரி தெரிகிற மோனோஃபிலிம் பாயை மடிக்கக் கூடாது. மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும், அப்புறம் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

நமக்கு அப்போது அந்தப் பொறுமை ஏது. மொட்டை மாடியில் மாமா வீட்டுக் காதுகுத்து விழா ஃப்ளெக்ஸ் ஒன்று கிடந்தது. அதை வெட்டி இரண்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு முக்கோணம் எடுத்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன் படம் சரியாகப் பாய் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. சிரிப்போடு சரி, பாய் வேலைக்கு ஆகவில்லை. ஃப்ளெக்ஸ் சதுர மீட்டருக்கு முந்நூறு கிராம் வரை வரும், ஓரம் மடித்து உறையும் தைத்ததும் பாய் மட்டுமே முக்கால் கிலோவைத் தாண்டிவிட்டது. அதைவிட மோசம், பலகை மாதிரி தட்டையாக நின்றது. காற்று வந்தால் ஒன்று படபடவென்று அடிக்கும், இல்லையென்றால் படாரென்று மொத்தமாகப் பிடித்துத் தள்ளும். நடுவில் ஒன்றுமே கிடையாது.

வலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், இளவயதில் பாய் கட்டிய வத்தைப் படகில் தொழிலுக்குப் போனவர், இதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, பாய்க்கு வயிறு எங்கப்பா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார், வலைக்குத் திரும்பிவிட்டார்.

அடுத்ததாக என் பழைய கிழிந்த பாய் ஒன்றின் மேல் பகுதியை வெட்டிச் சின்னதாக்கிப் பார்த்தேன். பலரும் சொல்கிற யோசனை இது. எனக்கு ஒத்துவரவில்லை. அந்தப் பாயின் முன் ஓரம் பெரிய மரம் வளைகிற வளைவுக்கு ஏற்ப வெட்டப்பட்டது. மரம் வளைந்தால்தான் பாய் உருவத்துக்கு வரும், சின்ன மரத்தை அந்த அளவுக்கு வளைக்க முடியாது, பாய் முழுக்கச் சுருக்கம். வெட்டிய மோனோஃபிலிம் ஓரம் வேறு கத்தி மாதிரி இருந்தது, என் கட்டை விரலே சாட்சி. பழைய டேக்ரான் பாய் கிடைத்தால் முயன்று பாருங்கள், மோனோஃபிலிமைத் தொடாதீர்கள்.

துணி கிடைத்தது எதிர்பாராத இடத்தில். ராமேஸ்வரம் பக்கம் கைட் சர்ஃபிங் செய்ய வருகிறவர்களிடம் கிழிந்து போன பெரிய பட்டங்கள் இருக்கும். காற்றடைக்கும் குழாய் போய்விட்டால் பட்டம் குப்பைதான், ஆனால் துணி நன்றாகவே இருக்கும். ரிப்ஸ்டாப் பாலியஸ்டர், சதுர மீட்டர் ஐம்பது கிராம் அளவுதான், கட்டம் கட்டமாக நெய்திருப்பதால் ஒரு ஓட்டை விழுந்தாலும் கிழிசல் சட்டென்று ஓடாது. தெரிந்தவர் ஒருவர் சும்மாவே கொடுத்தார். ஆரஞ்சு நிறம். தூரத்தில் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று பார்க்க அதைவிட நல்ல நிறம் இல்லை, நீலமும் வெள்ளையும் வேண்டவே வேண்டாம்.

அளவுக்குச் சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது: மரத்தோரம் பாயின் நீளத்தையும், மரத்திலிருந்து பாயின் பின் மூலை இருக்கும் தூரத்தையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் பரப்பு வந்துவிடும். 2.4 மீட்டர், 1.3 மீட்டர் என்று எடுத்துக்கொண்டேன், 1.56 வந்தது. பின் மூலையை மகளின் நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வருகிற மாதிரி வைத்தேன். பூம் நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவே இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பிள்ளை குனிந்துகொண்டே நிற்கும், மேலே போனால் தொங்கும்.

இதைக் கூடத்துத் தரையில் சாக்பீஸால் வரைந்துகொண்டு, துணியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் தைக்கிற அக்காவிடம் போனேன். பையா, பந்தலா என்று கேட்டார். படகுப் பாய் மாதிரி ஒன்று, நடுவில் லேசாக வயிறு வர வேண்டும், எப்படி வரவைப்பது என்று தெரியவில்லை என்றேன். நான் கணினியில் வளைகோடெல்லாம் போட்டு ஒரு படம் அச்சடித்து வைத்திருந்தேன். அக்கா அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. துணியை மேசையில் விரித்து, ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். கிள்ளிய இடத்துக்கு உள்ளே துணி மெத்தென்று எழும்பி நின்றது.

"டக் புடிச்சா வந்துருமே. எங்க வயிறு வேணும், அதைச் சொல்லுங்க."

ஜாக்கெட்டில் பிடிக்கிற அதே டக். மரத்தோரத்தில் ஆரம்பித்து உள்ளே கூர்மையாகப் போய் முடிய வேண்டும், முடிகிற இடத்தில்தான் வயிறு விழும். பூம் நீளத்தில் மரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வயிறு இருந்தால் பாய் சாதுவாக இருக்கும், ரொம்பப் பின்னால் போனால் பின் கை இழுபடும். அதனால் டக்கின் நீளம் 45 சென்டிமீட்டர், ஓரத்தில் அகலம் 2 சென்டிமீட்டர், பாயின் கீழ்ப் பாதியில் மொத்தம் மூன்று. மேல் பாதியைத் தட்டையாகவே விட்டோம். உச்சியில் வயிறு வைத்தால் பிள்ளையைக் கவிழ்த்துவிடும். அக்கா முதலில் டக் முனையை ஜாக்கெட்டுக்குத் தைப்பது போலச் சட்டென்று முடித்தார், அங்கே ஒரு குமிழ் மாதிரி துருத்திக்கொண்டது. பிரித்து, கடைசி பத்து சென்டிமீட்டரில் ஒன்றுமில்லாமல் கரைந்து போகிற மாதிரி திரும்பத் தைத்தார். அது அவராகவே கண்டுபிடித்தது, நான் சொல்லவில்லை.

மூலைகள்தான் முதலில் பிய்யும். மூன்று மூலைக்கும் துணியை நாலு அடுக்காக வைத்து, ஸ்கூல் பை வார்ப்பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் தைத்து, அதில் கயிறு போகிற வளையம் விட்டோம். வெறும் பித்தளை ரிங் மட்டும் அடித்தால் இரண்டே நாளில் கழன்று வரும். நூல் பாலியஸ்டர்தான், பருத்தி நூல் உப்பிலும் வெயிலிலும் ஒரு சீசன்கூடத் தாங்காது. மரம் போகிற உறையைக் கார் கவர் துணியில் தைத்தோம். தண்ணீர் வடிய உறையின் அடியில் ஐந்து விரற்கடை தைக்காமல் விட்டது நல்ல முடிவு. காற்று போகும் பக்கம் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகச் சாப்பாட்டு மேசைக்கு விரிக்கிற கண்ணாடி ஷீட்டில் ஒரு அடிக்கு ஒன்றரை அடி ஜன்னலும் உண்டு.

மரம்: என் பழைய 430 சென்டிமீட்டர் மரம் ஒரு வருஷம் முன்பு கரையலையில் கீழ்ப் பாதி உடைந்துபோனது, மேல் பாதி பரணில் தூங்கியது. 215 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோ அளவு, நுனி மெலிந்து லேசாக வளையும், குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான மரம் கடையில் தேடினாலும் கிடைக்காது. கடல் விளையாட்டுச் சாமான் வைத்திருக்கிற யாரிடமும் உடைந்த மரத்தின் நல்ல பாதி ஒன்று இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். குறைகிற நீளத்துக்கு ஒரு அலுமினியக் குழாய், இரண்டையும் இணைக்க லேத் பட்டறையில் நைலான் ராடைக் கடைந்து ஒரு கட்டை. பலகையோடு சேர்கிற அடி மூட்டை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். அதைக் காசு கொடுத்து வாங்குங்கள், ரப்பர் அறுந்தாலும் பலகையும் பாயும் பிரியாதபடி கூடவே ஒரு வார்ப்பட்டை கட்டுங்கள்.

பூம் விஷயத்தில்தான் நான் ரொம்ப நாள் தடுமாறினேன். பெரியவர்கள் பூம் முப்பது மில்லிமீட்டர் பருமன், எட்டு வயதுப் பிள்ளையின் விரல் அதைச் சுற்றி மூடவே மூடாது. மூடாத கை பத்து நிமிஷத்தில் வலிக்கும், வலித்தால் பிள்ளை காற்று மேல் பழி போடும், பூம் மேல் போடாது, நமக்கும் காரணம் தெரியாது. பாயைச் சின்னதாக்கிவிட்டு பூமை மாற்றாமல் விடுகிறவர்கள் நிறைய. அலுமினியக் குழாயில் மணல் அடைத்து வளைத்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைக்க என்னால் முடியவில்லை.

வழி காட்டியது ஒரு பன்னிரண்டு வயதுப் பையன். பீட்டர் சில்வர்ஸ் என்ற பெயர், இங்கிலாந்தின் தென்கரையில் ஹேலிங் தீவில் 1958-ல் தானே ஒரு பலகையும் பாயும் செய்து கடலில் ஓட்டியவன். அமெரிக்காவில் ஹோயல் ஷ்வைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகுதான் இந்த விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியது. பின்னால் அந்தக் காப்புரிமையை வைத்து ஒரு நிறுவனத்தின் மேல் வழக்கு வந்தபோது, இந்தப் பையன் முன்பே செய்துவிட்டான் என்பதையும் ஒரு காரணமாக வைத்து இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984-ல் காப்புரிமை செல்லாது என்றது. அந்த வழக்கில் வருகிற ஒரு தகவல் எனக்கு விளக்கு ஏற்றியது: அவனுடைய பூம் நேரான இரண்டு கம்புகள்தான், பாய் கட்டி ஓட்டும்போது அவை தானாக வளைந்துகொண்டன.

அடச்சே, மூங்கில்! ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரண்டு மூங்கில் பட்டைகள், பிடிக்கிற இடத்தில் 22 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இழைத்து, கணுவைச் சீவி, சிலாம்பு இல்லாமல் உப்புத்தாள் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டி, முன் பக்கம் ஒரு சின்ன மரக்கட்டையை நடுவில் திணித்தால் மீன் வடிவத்தில் விரிந்து நிற்கிறது. பிடிக்குப் பேட்மிண்டன் மட்டையில் சுற்றுகிற டேப். பின் முனை சில சமயம் பிள்ளை முகத்துக்கு வரும் என்பதால் அதற்கு ஒரு டென்னிஸ் பந்தைக் கிழித்து மாட்டினேன். இந்த ஞானம் அவள் புருவத்தில் ஒரு வீக்கம் வந்த பிறகு பிறந்தது. ஹெல்மெட்டும் அன்றைக்குத்தான் வந்தது.

எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தேன், 2.6 கிலோ. மரத்தின் அடிப்பகுதியில் ஏசி பைப்புக்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோமைச் சுற்றியதால் பாய் தண்ணீருக்குள் அமுங்காமல் மேலேயே கிடந்தது, தூக்குவது பாதி வேலை ஆனது.

கற்றுக்கொடுப்பதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவு. முதல் நாள் தண்ணீரே கிடையாது. பலகையின் அடித்துடுப்பைக் கழற்றி மணலில் வைத்து அதன் மேல் பாயைத் தூக்கவிடுங்கள். பிள்ளைகள் கிணற்றில் வாளி இறைக்கிற மாதிரி முதுகை வளைத்து இழுப்பார்கள், அதை மணலிலேயே மாற்றிவிட வேண்டும்: முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை, பின்னால் சாய், கை சும்மா கயிற்றைப் பிடித்திருந்தால் போதும், உன் எடைதான் தூக்கும். அப்புறம், பூமைப் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் விடச் சொல்லித் தர வேண்டும். நான் "விடு!" என்று கத்தினால் உடனே விட வேண்டும், அதையே விளையாட்டாக இருபது தடவை செய்தோம். பூமை விட்டால் பாய் சரியும், பலகை நின்றுவிடும். பயந்த பிள்ளை இறுக்கித்தான் பிடிக்கும், அதனால் பழக்கம் முன்பே வந்திருக்க வேண்டும்.

காற்றுக்கு நான் எந்தக் கருவியும் வைத்துக்கொள்வதில்லை. தென்னங்கீற்றின் நுனி மட்டும் ஆடினால் இறங்கலாம், மட்டையே ஆடினால் அன்றைக்கு ஐஸ்கிரீம்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வடகடலை எங்கள் பக்கம் பெண் கடல் என்பார்கள், அலை கம்மி. தென்கடல்தான் ஆண் கடல். சோழகம் என்கிற தெற்குக் காற்று வீசுகிற மாதங்களில் வடகடல் கரையோரம் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருக்கும், பார்த்தால் குழந்தைக்கென்றே செய்த கடல் போலத் தோன்றும். ஆனால் அது அப்படி இருப்பதே காற்று கரையிலிருந்து கடலுக்குப் போவதால்தான். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, நான் கயிற்றுச் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் பாயைத் தூக்கிவிட்டாள், முதல் தடவையாகச் சரியாகப் பிடித்தும்விட்டாள், சந்தோஷத்தில் போய்க்கொண்டே இருந்தாள். திரும்பத் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் ஓடினேன், அப்புறம் நீந்தினேன், நூறு மீட்டர் தாண்டித்தான் எட்டிப் பிடித்தேன், அதுவும் அவளாகவே பாயைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டதால். அவளுக்குப் பயமே இல்லை. "அப்பா, நான் எவ்ளோ தூரம் வந்துட்டேன் பாத்தியா?" என்றாள். எனக்குக் கை நடுக்கம் நிற்க வீட்டுக்கு வந்து ஒரு டீ தேவைப்பட்டது. அன்று முதல் பலகையின் பின்னால் முப்பது மீட்டர் மிதக்கும் கயிறு, அதன் மறுமுனை நங்கூரத்தில் அல்லது என் இடுப்பில். முடிந்தவரை கரையோரமாகக் காற்று ஓடுகிற நாளாகப் பார்த்து மட்டுமே இறங்குகிறோம். லைஃப் ஜாக்கெட்டும் சிப்பி கிழிக்காமலிருக்கக் காலில் ஷூவும் இல்லாமல் யாருக்கும் பலகை கிடையாது. சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், நிறைய வருகிற நாட்களில் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

அடுத்து என் கூடப் பிறந்த அக்காவின் மகன், பன்னிரண்டு வயது, 38 கிலோ, வரிசையில் வந்து நின்றான். அவனுக்கு ஒன்றரை மீட்டர் போதவில்லை, இரண்டரைக்குப் பக்கத்தில் தேவைப்பட்டது. சென்னையில் பிள்ளைகள் பாய்ப்படகு பழகுகிற ஆப்டிமிஸ்ட் படகின் பழைய பாய் ஒன்று ஒருவர் மூலம் கிடைத்தது. நல்ல டேக்ரான், மூன்றே கால் மீட்டர் சொச்சம், ஆனால் நாலு மூலை. நமக்கு வேண்டியது மூன்று மூலை, ஆகவே ஒரு மூலையைக் குறுக்கே வெட்டி எடுக்க வேண்டும். தையல் அக்கா வெட்டுவதற்கு முன்னாலேயே தடுத்தார். "கிராஸா வெட்டுறீங்க, இழுபடும். பட்டை குடுக்காம விட்டா தொங்கிப் போயிரும்." கிராஸ் கட்டிங் ஜாக்கெட் உடம்போடு ஒட்டி நிற்பதே அந்த இழுபாட்டினால்தான், பாய்க்கு அது ஆகாது. வெட்டிய ஓரம் முழுக்க வார்ப்பட்டை வைத்து அதன் மேல் உறையைத் தைத்தோம். பழைய பாயை வெட்டப் போகிறவர்கள் இதை மறக்காதீர்கள், மற்றதெல்லாம் பிறகு திருத்திக்கொள்ளலாம், இழுபட்ட முன் ஓரத்தைத் திருத்த முடியாது.

ஆரஞ்சுப் பாய் இப்போது மகளுக்குச் சின்னதாகிவிட்டது. நாலு இடத்தில் ஒட்டுப் போட்டு, வெயிலில் வெளுத்து, கிட்டத்தட்ட பழுத்த பப்பாளி நிறத்துக்கு வந்துவிட்டது. அதில் இப்போது பழகுவது தையல் அக்காவின் பையன், ஏழு வயது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் கரைக்கு வந்தார். தான் தைத்தது தண்ணீரில் போவதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பையன் பாயைத் தூக்கி, பிடித்து, இருபது மீட்டர் போய் விழுந்தான். அக்கா முந்தானையை நெற்றிக்குக் குடை பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, பையனைப் பார்க்காமல் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது டக் ரெண்டு இஞ்ச் மேல வந்திருக்கணும் தம்பி," என்றார். "கழட்டி எடுத்துட்டு வாங்க, பிரிச்சுத் தர்றேன்."